எண் போடாத குவியல்

மதினி,

மன்னித்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவது கிறுக்குத்தனம் என்று எனக்கும் தெரியும். நீங்கள் இருந்தபோதே உங்கள் வாசல்வரை வந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியவள் நான். "வாயில வராததெல்லாம் இவளுக்குப் பேனாவுலதான் வரும்" என்பீர்கள். இன்றும் அப்படித்தான் இருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை பாளையம்பட்டி குடோனில் நம் ஊர் மிளகாய் வத்தலின் மாதிரிப் பையைப் பிரித்தேன். சோதனைக்கு அனுப்புவதற்கு முன் ஒரு தடவை நிறம் பார்ப்பது வழக்கம். பையின் வாயை விரித்ததும் நெடி ஏறி, அடுத்தடுத்து இரண்டு தும்மல். தும்மிவிட்டு அசையாமல் நின்றேன். எதற்காக நிற்கிறேன் என்று ஒரு கணம் எனக்கே விளங்கவில்லை. உங்கள் குரலுக்காக நின்றிருக்கிறேன்.

ஊர்க் களத்தில் வத்தலைக் கிளறும்போது யார் தும்மினாலும் நீங்கள் சும்மா விடமாட்டீர்கள். "நூறு வயசு!" என்பீர்கள். மறுபடி தும்மினால், "இருநூறு! போதும்டி, அதுக்கு மேல இருந்தா ஒனக்கு யாரு சோறு போடுறது?" என்பீர்கள். களமே சிரிக்கும். எல்லோருக்கும் நூறும் இருநூறுமாக வாரிக் கொடுத்தவர், உங்களுக்கென்று நாற்பதைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

பெரியப்பா மகனுக்கு வாக்கப்பட்டு நரிக்குடிப் பக்கத்திலிருந்து நீங்கள் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கண்மாய்ப் பாசனத்து ஊர்ப் பெண், இந்தப் பரளச்சிக் கரிசலில் எப்படிக் காலம் தள்ளப்போகிறாள் என்று எல்லோரும் பேசினார்கள். உங்கள் குரலைக் கேட்ட பிறகு அந்தப் பேச்சு நின்றது. அடுத்த காட்டில் இருப்பவரை அழைக்க நீங்கள் வரப்பேறியதே இல்லை. நின்ற இடத்திலிருந்தே கூப்பிடுவீர்கள். எனக்கோ பஸ்ஸில் இறங்கும் இடம் வந்துவிட்டது என்று கண்டக்டரிடம் சொல்லக்கூடக் குரல் வராது. நம் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் என்பதற்காக எனக்கு "காலேசு" என்று பெயர் வைத்தவரும் நீங்கள்தான்.

படிப்பு முடிந்து அண்ணாச்சியின் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த நாட்களில்தான் ஒப்பந்தப் பேச்சு வந்தது. அண்ணாச்சி ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "நம்ம சர்க்காரும் வெளிநாட்டுச் சர்க்காரும் ஒப்பந்தம் போட்டாச்சு. நம்ம வத்தலுக்கு இனி அங்க வரி கெடையாது. இத்தன நாளு வேற தேசத்துல வாங்குனவன் இப்பத் தன்னால நம்மளத் தேடி வாரான்." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வரிய எடுத்துட்டான். ஆனா அந்த எடத்துல சல்லடையத் தொங்கவிட்டுருக்கான்" என்றார்.

அந்தச் சல்லடையை ஊருக்கு விளக்கிச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. வத்தல் இந்த மண்ணில்தான் விளைந்தது என்று காட்ட வேண்டும். எந்த மூட்டை யார் காட்டில் விளைந்தது என்பதும் தெரிய வேண்டும். ஆளுக்கு ஓர் எண், ஒவ்வொரு குவியலுக்கும் அந்த எண் எழுதிய அட்டை. பூச்சிமருந்தின் மிச்சம் அவர்கள் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது. அந்த அளவு கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. பெரிய கம்பெனிகளுக்குச் சொந்தமாக லேப் இருக்கிறது, காடு காடாகக் கண்காணிக்க ஆட்கள் இருக்கிறார்கள். அண்ணாச்சியைப் போன்றவருக்கு இருந்தது காட்டில் பாடுபடும் நம் ஊர்ச் சம்சாரிகளின் சொல் மட்டும்தான்.

சாவடியில் முதல் கூட்டம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான் பேசியது முன்வரிசைக்கே எட்டவில்லை. பின்னாலிருந்து நீங்கள் எழுந்தீர்கள். "ஏ காலேசு, நீ சொல்லு. நான் இவுகளுக்குச் சொல்லுறேன்." நான் ஒரு வரி சொல்ல, நீங்கள் அதை ஊருக்கே கேட்கும்படி திருப்பிச் சொன்னீர்கள். நடுநடுவே உங்கள் சொந்தச் சரக்கும் கலந்தது. "நம்ம மண்ணுல வெளஞ்சதுன்னு எழுதிக் குடுக்கணுமாம். பெறகு என்ன, ஆகாசத்துலயா வெளஞ்சுச்சு?" "ஒருத்தர் வத்தல்ல இன்னொருத்தர் வத்தலக் கலக்கக் கூடாது. கேட்டுக்கிட்டீகளா? கலந்தா பூராம் போச்சு!"

இத்தனைக்கும் அந்த வருடம் நீங்கள் இந்த ஏற்பாட்டில் சேரவே இல்லை. கூட்டத்துக்கு முன்பே இலைப்பேனுக்கு மருந்து அடித்துவிட்டதால், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஒதுங்கிக்கொண்டீர்கள். குரல் மட்டும் எனக்காக வந்தது.

நம் களத்தில் ஒரு பழக்கம் உண்டு. வியாபாரியிடம் தருவதாகச் சொன்ன மூட்டை ஒருவருக்குக் குறைந்தால், நிறைய விளைந்தவர் ஒரு சாக்கைக் கொண்டுவந்து தட்டிவிட்டுப் போவார். கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். மறு வருடம் வேறு யாருக்கோ அது திரும்பிப் போகும். அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. பெயர் இல்லாததால்தானோ என்னவோ, அந்த விதிகளைக் கேட்டபோது எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை, அவற்றை உரக்கச் சொன்ன உங்களுக்கும் வரவில்லை.

அந்த மாசியில் பருவம் தப்பி மழை பெய்தது. அப்பா போன பிறகு அம்மா ஒற்றையாகப் பார்த்துவந்த காட்டில், காயப்போட்ட வத்தலில் பாதி வெளுத்து, விலைபோகாத சண்டாகிவிட்டது. சொன்ன மூட்டையைத் தராதவர்களுக்கு அடுத்த வருடம் இடமில்லை என்று அண்ணாச்சி கறாராகச் சொல்லியிருந்தார். அம்மா யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் லோடு ஏற்றும் நாளில் அம்மாவின் மூட்டைகள் சரியாக இருந்தன. தரம் பிரித்ததில் நல்லது கொஞ்சம் தேறியிருக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். நானும் அப்படியே நினைத்தேன்.

சோதனை முடிவு வந்தது. மருந்து இருக்கிறது என்றார்கள். எண் வாரியாகப் பிரித்து மறுபடி பார்த்தபோது அது அம்மாவின் எண்ணில் போய் நின்றது. மொத்த லோடும் ஒரே சரக்காகப் பேசப்பட்டது என்பதால், வாங்குகிறவர்கள் மொத்தத்தையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏற்றிப் போன லாரியே எல்லாவற்றையும் சுமந்து திரும்பி வந்தது. போகும்போது மாலை போட்டு அனுப்பினோம். காய்ந்த மாலை முன்கண்ணாடியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றும் சாவடியில் கூட்டம். "மக அங்க வேலை பாக்கா, ஆத்தா இங்க மருந்தடிக்கா" என்று ஒருவர் சொன்னார். அம்மா எழுந்து, "என் காட்டுல ஒரு சொட்டு மருந்து விழலய்யா" என்றாள். யாரும் நம்பவில்லை. நானும் அம்மாவை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து நீங்கள் சிரித்தீர்கள்.

"அட, இதுக்குத்தானா இம்புட்டு ரகள? இந்தா நிக்கிற அத்தைக்குக் கொறஞ்சு கெடந்துச்சு, நான்தான் ஒரு சாக்கத் தட்டிவிட்டேன். மருந்தடிச்சு எத்தன நாளாச்சு, இந்த வெயில்ல நிக்குமா அது?"

யாரும் உங்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். "கலப்படம்னா கல்லையும் மண்ணையும் கலக்குறதுதான? நம்ம வத்தல நம்ம ஆளு சாக்குல போடுறது எப்படிக் கலப்படமாகும்?" என்றீர்கள். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னார்: "நீ செஞ்சது தப்புன்னு நான் எப்படித் தாயி சொல்லுவேன். ஆனா வாங்குறவனுக்கு அது மருந்து வத்தல்தான்." உங்கள் சிரிப்பு பாதியில் நின்றது. அது நின்ற இடம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒரு வருடம் சுத்தமாகக் காட்டினால் மறுபடி பார்க்கலாம் என்று வாங்குகிறவர்கள் சொல்லியிருந்ததால், அடுத்த அறுவடையில் களத்தில் கயிறு கட்டினோம். குவியலுக்குக் குவியல் இடைவெளி விட்டோம். நீங்கள் வந்தபோது பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. தங்கள் குவியலுக்கும் உங்களுக்கும் நடுவில் லேசாக நகர்ந்து நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான். அம்மாவும் ஒரு நாள் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து வத்தலை மூடினாள். அதை நீங்கள் பார்த்தீர்கள். நீங்கள் பார்த்ததை நான் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் களத்துக்குள் வந்தீர்கள். "ஏ காலேசு, போலீசு ஏட்டையா மாதிரி நடக்கேன் பாத்தியா?" என்றீர்கள். நான் சிரித்தேன். பிறகு ஒரு நாள் அம்மாவின் வத்தலில் காக்கை வந்து விழுந்தபோது, விரட்டக்கூடக் கையை எடுக்காமல், காலைத் தரையில் தட்டித் தட்டி விரட்டினீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம்தான் உங்கள் வாசல்வரை வந்தேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

வைகாசியில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். மதுரைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உங்களைக் குளிப்பாட்டியபோது அம்மா உங்கள் கைகளை எடுத்து முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு வெகுநேரம் விடவே இல்லை.

இந்த வருடம் ஆர்டர் திரும்ப வந்துவிட்டது. அண்ணனும் சேர்ந்திருக்கிறார், உங்கள் காடு அவர் பேரில் எண் வாங்கியிருக்கிறது. சாவடிக் கூட்டத்தில் முதல் விதியைச் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் நிறுத்தினேன். பின்வரிசையில் நீங்கள் எழும் இடம் வெறுமையாக இருந்தது. எல்லோரும் அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் அதே வரியை நானே மறுபடி சொன்னேன், உரக்க. கடைசி வரிசைவரை கேட்டது. அது என் குரல் மாதிரியே இல்லை. அம்மா சட்டென்று தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அந்தக் குரலோடுதான் அண்ணாச்சியிடமும் போனேன். அண்ணனுக்குக் குவியல் சின்னதாக இருந்தது. ஒற்றை ஆள், பழம் பறிக்க நேரம் தப்பியதில் பாதி செடியிலேயே அழுகிவிட்டது. யாரும் தட்டிவிட முடியாது. தட்டிவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். "அண்ணாச்சி, கொறஞ்சவங்கள நீக்குனா அவங்க எங்கேயாவது கடன் வாங்கித்தான் நெறைப்பாங்க. சல்லடைல மாட்டுறது அதுதான். கொறஞ்சத கொறஞ்சதாவே எடுத்துக்கோங்க" என்றேன். அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார். "சரிம்மா. கொறச்சலாவே எழுதிக்க. கூட்டி எழுத மட்டும் வேண்டாம்" என்றார். இதை உங்களிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அன்று அந்தி சாயும் நேரம் அம்மா ஒரு சுளகு நிறைய நம் வத்தலை அள்ளிக்கொண்டு அண்ணன் குவியலின் ஓரத்தில் போய் நின்றாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். கை முன்னால் போனது, திரும்பி வந்தது. பிறகு களத்தின் தெற்கு மூலையில், எந்த எண்ணும் இல்லாத வெறும் தரையில், அதைக் கொட்டிவிட்டு வந்தாள். "இது கப்பலுக்கு இல்ல. உள்ளூர்ச் சந்தைக்கு. உன் அண்ணன் வித்துக்கிடட்டும்" என்றாள்.

மறுநாள் காலையில் அந்தக் குவியல் பெரிதாகியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். யார் போட்டது என்று கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. ஊரில் எல்லோரும்தான் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விடிகாலையில் அதன் பக்கத்தில் நிற்கும்போது, யாரோ தும்மலை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல இருக்கிறது. அந்தியில் நீங்கள் களத்தைச் சுற்றி நடப்பதாக அம்மா சொல்கிறாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்தக் கயிற்றையும் தொடாமல் நடக்கிறீர்களாம். நான் கண்ணால் கண்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா எந்தப் பக்கம் பார்க்கிறாளோ, அந்தப் பக்கம் எனக்கும் பார்வை போகிறது.

நாளை மாதிரி சோதனைக்குப் போகிறது. தேறுமா என்று தெரியாது. தேறினாலும் தேறாவிட்டாலும் இனி கூட்டத்தில் நான்தான் பேச வேண்டும், பேசுவேன். உங்கள் குரல் என்னிடம் இருக்கிறது. திருப்பிக் கேட்காதீர்கள்.

இவ்வளவும் எழுதியது ஒன்றைக் கேட்பதற்குத்தான். அன்று உங்கள் வாசலில் கேட்க வந்ததும் இதைத்தான். எண் போட்ட குவியல்களை விட்டுவிடுங்கள், அவை சல்லடைக்குப் போகிறவை. தெற்கு மூலைக் குவியலுக்கு அட்டை இல்லை, கயிறு இல்லை, அங்கே யாரும் குறுக்கே நகர்ந்து நிற்க மாட்டார்கள். அம்மா அந்தப் பக்கம் தார்ப்பாயை எடுத்துக்கொண்டே போவதில்லை.

களத்துக்கு வந்தால், கையை அவிழ்த்துவிட்டு வாங்க மதினி.