பச்சைக் கார்

குவைத்
12 ஜனவரி 2024

கர்த்தருக்குள் அன்பான ராகேலுக்கு,

போனில் நீயும் அழுகிறாய், நானும் அழுகிறேன். ஒன்றும் பேசாமலே வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். ஊருக்கு வருகிற பக்கத்து வீட்டு ஜினோவிடம் கொடுத்துவிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போகத் தொடங்கியிருக்கிறாய் என்று அவன் அம்மா போனில் சொன்னார்களாம். நல்லது.

உன்னிடம் ஒரு காரியம் கேட்கிறேன். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து காரை விட்டுவிட்டார்களாம். அதைப் பழைய இரும்புக்குப் போட விடாதே. எஸ்டேட் பங்களாவில் கோழி அடைத்துக் கிடந்த அந்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து, நானும் ஷிபுவும் எத்தனை லீவு அதன் அடியிலேயே கிடந்தோம் என்று உனக்குத் தெரியும். நம் பிள்ளை தொட்டதில் எனக்கு மிச்சம் அதுதான். மணவாளக்குறிச்சியில் மரியான் என்பவர் பழைய கார்களைப் புதுப்பித்துக் கொடுக்கிறார். பேசிவிட்டேன். ஷிபு அடித்த அதே பச்சை பெயின்ட், அதே கறுப்பு சீட்டு, அதே சைலன்சர் சத்தம். எதுவும் மாறக் கூடாது. நீதான் போய் நின்று செய்விக்க வேண்டும். டிசம்பரில் நான் வரும்போது அது நம் முற்றத்தில் நிற்க வேண்டும்.

உன் ஜாஸ்பர்

*

அருமனை
3 பிப்ரவரி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஜினோ கடிதத்தையும் நீங்கள் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழத்தையும் தந்தான். ஒரே ஆளுக்கு எதற்கு இத்தனை? பாதியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

கார் மரியானிடம் போய்விட்டது. ஸ்டேஷனில் அதை லாரியில் ஏற்றும்போது நான் மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டேன். முன்பக்கம் முழுக்க மடங்கியிருக்கிறது. மரியான் நல்ல மனுஷன். "அக்கா, மொதல்ல அந்த சீட்டக் களத்தி மாத்திட்டுச் சொல்லுதேன். பொறவு வாருங்க" என்றார். எதற்கென்று எனக்குப் புரிந்தது.

கேட்டீர்கள், செய்கிறேன். ஆனால் நீங்கள் வந்திருக்கலாம். அடக்கத்துக்கு லீவு கிடைக்கவில்லை, சரி. அதற்குப் பிறகும் வரவில்லையே. டிசம்பர் வரைக்கும் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன்?

அன்றைக்கு ஷிபுவோடு காரில் இருந்த பிளஸ்ஸியை நெய்யூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். காலில் கம்பி வைத்திருக்கிறது. இனி கம்பு ஊன்றித்தான் நடக்க முடியுமாம். நர்சிங் படிப்பும் நின்றுபோயிற்று. அவள் அம்மா ஜெயபாய் அக்கா கோயிலுக்கு வருவதில்லை. வந்தால் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்களாம்.

ராகேல்

*

குவைத்
1 மார்ச் 2024

அன்பான ராகேலுக்கு,

மரியான் ஒரு தகட்டில் பெயின்ட் அடித்துப் பார்த்து போட்டோ அனுப்பினார். பச்சை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. ஷிபு அடித்தது வெயிலில் பார்த்தால் கறுப்பு மாதிரி இருக்கும். நீ போய்ச் சொல்லு.

நீ தனியாகக் கிடக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? இங்கே ரூமில் ஆறு பேர் இருக்கிறோம். என்னிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் ஒருவரும் பேசுவதில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி இனி எழுதாதே. பஸ் இல்லை, கொண்டுவிடு என்று அவள் போய் நிற்காவிட்டால் அவன் அன்றைக்கு காரை வெளியே எடுத்திருக்கவே மாட்டான். கோயில் கமிட்டிக்காரர்களிடம் போன் போட்டு அதைத்தான் சொன்னேன். இன்னும் சொல்லுவேன். ஜெயபாய்க்கு அவள் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். அந்த வீட்டுப் படியை நீ மிதிக்க வேண்டாம்.

உன் ஜாஸ்பர்

*

அருமனை
19 ஜூன் 2024

அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து இப்போது முடிக்கிறேன்.

சனிக்கிழமை மரியான் கூப்பிட்டுவிட்டார். போனேன். காரைத் தூக்கி நிறுத்தி அடியில் விளக்குப் பிடித்துக் காட்டினார்.

"இதப் பாருங்க அக்கா. துருப்பிடிச்ச பிரேக் பைப்ப வெட்டி, நடுவுல பெட்ரோல் டியூபச் சொருவி, கிளிப்பு போட்டு முறுக்கியிருக்கு. டியூப் பிச்சிட்டுப் போயிருக்கு. இத வச்சிட்டு எறக்கத்துல பிரேக்கச் சவுட்டுனா வண்டி எப்பிடி நிக்கும்?"

நான் கையை நீட்டி அந்தக் கிளிப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஆரு செஞ்சது அக்கா? ஷிபுவா?"

யார் செய்தது என்று எனக்குத் தெரியும். போன லீவில் நீங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள், நான் சாயா கொண்டுவந்தபோது நீங்கள் காரின் அடியில் கிடந்தீர்கள். அவன் குனிந்து, "அப்பா, புது பைப்பு வாங்கிட்டு வரட்டா? இது நிக்குமா?" என்று கேட்டான். "நிக்கும்லே, நீ ஓட்டு" என்றீர்கள். அது என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளையைக் கொல்லவேண்டும் என்று எந்த அப்பனும் கிளிப் முறுக்குவதில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். பிளஸ்ஸிமேல் பழி இல்லை என்று கமிட்டியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஜெயபாய் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

ராகேல்

*

குவைத்
8 ஜூலை 2024

ராகேலுக்கு,

அந்தப் பைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது மாட்டச் சொல்லிவிட்டேன். யாரிடமும் பேச வேண்டாம் என்று மரியானிடமும் சொல்லியிருக்கிறேன். போனவன் போய்விட்டான். இனி இதைக் கிளறி யாருக்கு என்ன? ஊரில் நான் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?

பெயின்ட் விஷயம் சொன்னாயா?

ஜாஸ்பர்

*

அருமனை
30 நவம்பர் 2024

ஜாஸ்பர் அவர்களுக்கு,

உங்கள் கார் வந்துவிட்டது. கேட்டபடியே இருக்கிறது. வெயிலில் கறுப்பு மாதிரித் தெரிகிற பச்சைதான். மரியான் அதை ஓட்டி வந்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் வாசலுக்கு ஓடினேன். ஓடிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலமே ஜெயபாய் அக்கா வீட்டுக்குப் போனேன். பைப்பைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். பிளஸ்ஸி அழவில்லை.

"எனக்குத் தெரியும் மாமி" என்றாள். "பிரேக்கு கிட்டல்லன்னு மூணு தடவ சவுட்டுனான். அப்பா போட்ட கிளிப்பு போச்சு ஏட்டின்னு சொன்னான். என்ன ஒரு கையால அமுக்கிப் பிடிச்சிட்டு, வண்டில அவன் இருந்த பக்கத்தக் கொண்டு மரத்துல இடிச்சான்."

"இத ஏம்மா ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல?"

"நீங்க அவன அடக்கிட்டு ஒத்தைக்கிருந்திய. மாமா ஒருத்தருதானே உங்களுக்கு இருக்காரு."

ஒரு வருஷம் ஊர் முழுக்க அவளை ஏசியிருக்கிறது. எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்காரர்களிடம் நான் சொல்லிவிட்டேன். நீங்கள் தலை நிமிர்ந்து நடக்க முடியாமல் போனால் அதற்கு நான் காரணம்.

நாளைக்குத் திங்கள்சந்தையில் செல்வதாஸ் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். சாவி ஜினோவின் அம்மாவிடம் இருக்கும். நீங்கள் வந்ததும் அந்தப் பிள்ளையைப் போய்ப் பாருங்கள். மன்னிப்பு என்ற வார்த்தைகூட வேண்டாம், போய் நில்லுங்கள். போனீர்கள் என்று தெரிந்தால் நான் வீட்டுக்கு வருவேன்.

ராகேல்

*

திங்கள்சந்தை
2 பிப்ரவரி 2025

ஜாஸ்பர் அவர்களுக்கு,

நீங்கள் குவைத்துக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று ஜினோ சொன்னான். இதையும் அவனிடமே அனுப்புகிறேன்.

நேற்று பிளஸ்ஸியைப் பார்க்கப் போயிருந்தேன். கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள் நீங்கள் அந்தக் காரில் அவர்கள் வாசலில் வந்து நின்றீர்களாம். இன்ஜினை நிறுத்தவில்லையாம். சத்தம் கேட்டு அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாளாம். அப்படியும் கம்பை ஊன்றி வெளியே வந்திருக்கிறாள்.

"மாமா எறங்குவாருன்னு நின்னேன் மாமி. என்னப் பாத்தாரு. பொறவு கியர் போட்டுப் போயிட்டாரு."

கட்டிலிலிருந்து எழுந்து வாசலுக்கு வர அவளுக்கு எவ்வளவு நேரமாகும் என்று நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு நேரமும் நீங்கள் காத்திருந்திருக்கிறீர்கள். கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்திருந்தால் போதும். நான் பெட்டியைக் கட்டித்தான் வைத்திருந்தேன்.

துணிகளை எடுத்து இந்த வீட்டு அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

ராகேல்