தனி ஆளுக்கு அறை இல்லை

12 ஜூன் 2006, திங்கள்

வேலையில் சேர்ந்துவிட்டேன். மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில் ஒரே அறை. சம்பத் சார் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரு சுற்றுலாக் கையேடு போடுகிறார். எந்த ஊரில் எங்கே தங்கலாம், என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம், எல்லாம் ஒரே புத்தகத்தில். என் வேலை ஃபோன் செய்வது. பழைய பட்டியல் ஒன்று கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு லாட்ஜையும் கூப்பிட்டு, இன்னும் நடக்கிறதா, எத்தனை அறை, வெந்நீர் வருமா, பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டு எழுத வேண்டும்.

நான் செங்கல்பட்டைத் தாண்டிப் போனதில்லை. இன்று ஒரே நாளில் ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல் மூன்றையும் முடித்தேன்.

சாருடைய ஜெராக்ஸ் மெஷினை மொஹ்சின்தான் பார்த்துக்கொள்வார். "உங்க ஹஸ்பெண்ட் கை வச்சா ஆறு மாசத்துக்குப் பிரச்சனையே வராது மேடம்" என்றார் சார். அப்புறம் ஏன் சொன்னோம் என்பது போல ஃபைல் தேடப் போய்விட்டார்.

அவர் வீட்டை விட்டுப் போய் இன்றோடு நூற்றுப் பதினாறு நாள்.

15 ஜூன்

இன்று கேட்டே விட்டேன். சிதம்பரத்தில் ஒரு லாட்ஜ். எல்லாம் எழுதி முடித்த பிறகு, "சார், இன்னொரு விஷயம். மொஹ்சின்னு ஒருத்தர். நாற்பது வயசு. இடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும். பிப்ரவரிக்கு அப்புறம் உங்க லாட்ஜ்ல தங்கினாரா?"

"நீங்க போலீஸா?"

"இல்ல சார். அவரோட சம்சாரம்."

நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. முழுதாகப் புரட்டினார், பாவம். "இல்லையேம்மா" என்றார்.

அதற்குப் பிறகு கூப்பிட்ட எல்லா இடத்திலும் கேட்டேன். பதினேழு இடம். பதினேழும் இல்லை.

20 ஜூன்

கும்பகோணத்து மேனேஜர் ஒருவர் பேரைக்கூடக் கேட்கவில்லை. "தனியாவா வந்திருப்பாரு? அப்ப எங்ககிட்ட இருக்க மாட்டாரும்மா. தனி ஆளுக்கு நாங்க ரூம் தர்றதில்ல."

"ஏன் சார்?"

"தனியா ரூம் எடுக்கறவங்க சில பேர் மறுநாள் கதவைத் திறக்கறதில்ல."

சரி சார் என்று எழுதிக்கொண்டேன். 'தனி நபருக்கு அறை: இல்லை.' பஸ்ஸில் இரும்புலியூர் வந்து இறங்கும்போதுதான் அவர் சொன்னது விளங்கியது. ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

23 ஜூன், வெள்ளி

இதை ஒரு தடவையாவது எழுதி வைக்க வேண்டும்.

போன டிசம்பர் வெள்ளம். முடிச்சூரில் தெரிந்தவர் வீட்டுக்கு எங்கள் மகள் நிஷாவைக் கூட்டிக்கொண்டு அவர் போயிருந்தார். தண்ணீர் ஏறுகிறது என்று மத்தியானம் அங்கிருந்து கிளம்பினார்கள். ரோடு எது, கால்வாய் எது என்று தெரியாத தண்ணீர். அவர் மட்டும் வந்தார். வாசலில் நனைந்துகொண்டு நின்றார். அவர் பின்னால் பார்த்தேன். இன்னும் பின்னால் பார்த்தேன்.

"நீ மட்டும் எப்படி வந்தே?"

பதினோரு வருஷத்தில் அவரை நீ என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு நாள் கழித்துக் கால்வாயில் குழந்தை கிடைத்தாள். எட்டு வயசு.

அதற்குப் பிறகு இரண்டரை மாதம் இதே வீட்டில், அந்தக் கேள்வியோடு இருந்தார். நான் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளத் தோன்றவும் இல்லை, அதுதான் உண்மை. பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை வேலைக்குப் போகிற சட்டையில் போனார். திரும்பவில்லை.

27 ஜூன்

மதுரை முழுக்க இல்லை.

2 ஜூலை, ஞாயிறு

படப்பையிலிருந்து ஷபீனா வந்தாள். அவருடைய தங்கை. வந்ததும் வராததுமாக, "இன்னா அண்ணி, ஊர் ஊரா ஃபோன் போட்டுகினு கீறியாமே?" என்றாள். நாகூரில் கேட்டாயா, ஏர்வாடியில் கேட்டாயா என்றாள். இரண்டிலும் கேட்டுவிட்டேன் என்றேன்.

சாப்பிடும்போது சும்மா இருந்தவள், கை கழுவப் போகும்போது சொன்னாள். "அது தானா போற ஆளு இல்ல அண்ணி. அன்னிக்கி வாசலாண்ட நீ கேட்டியே, நானும் உள்ள இருந்து கேட்டுகினுதான் இருந்தேன்."

ஆமாம் என்றேன். அவள் அழுதாள். நான் பாத்திரம் தேய்த்தேன். அப்புறம் அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தாள்.

11 ஜூலை, செவ்வாய்

குற்றாலம். சீசன் நேரம், யாருமே ஃபோனை எடுப்பதில்லை. ஒன்பதாவது இடத்தில் எடுத்தவர் மேனேஜர் துரை. பின்னால் ஒரே கூச்சல். "ரூமு ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் ஃபுல்லு" என்றார். ரூம் வேண்டாம், கையேட்டுக்கு என்றேன். பொறுமையாகச் சொன்னார். கடைசியில் என் கேள்வியைக் கேட்டேன்.

"மொஹ்சினா? புருவத்துல தழும்பு... ஆமாம்மா, இருந்தாவ. ஏப்ரல், மே ரெண்டு மாசமும் இங்கனதான் இருந்தாவ. மோட்டாரு, ஃபேனு எல்லாம் ரிப்பேரு பாத்துக் குடுத்தாவ. நல்ல மனுசன்."

அவரே பேசிக்கொண்டு போனார். "ஒத்தை ஆளுன்னா நாங்களும் ரூம் குடுக்க மாட்டோம்மா. ரெண்டு பேரு, மக பின்னால வருதுன்னாவ. அதான் குடுத்தேன். நோட்டுலயும் எழுதுனாவ, மொஹ்சின், நிஷான்னு. கடைசி வரைக்கும் அந்தப் புள்ள வரவே இல்ல. ஏம்மா, நல்லா இருக்காளா?"

ஃபோனை வைத்துவிட்டேன். சம்பத் சார் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

14 ஜூலை

தென்காசி ரயில், அங்கிருந்து பஸ். சார் லீவு கொடுத்தார்.

துரை நோட்டைக் காட்டினார். மொஹ்சின் கையெழுத்துத்தான். 'நபர்கள்: 2. மொஹ்சின், 40. நிஷா, 8.' எட்டு என்றுதான் எழுதியிருக்கிறார்.

துரையிடம் எல்லாம் சொன்னேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வெளியே போய் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து மீதியைச் சொன்னார். தண்ணீர் இல்லாத மாதத்தில் இங்கே யாரும் வருவதில்லையாம். இவர் தினமும் காலையில் போய் அருவிக்கு எதிரே, அந்த வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். "சாரல் ஆரம்பிச்ச அன்னைக்கே காலி பண்ணிட்டாவம்மா. தண்ணியே இல்லாத ஊரு எதும் இருக்கான்னு கேட்டாவ. ராம்நாடு பக்கம் போங்கன்னு வெளையாட்டுக்குச் சொன்னேன். நெசமாவே போயிருப்பாவளோ?"

ஊரே குளித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் வாசனை, ஈரத் துண்டு, பிள்ளைகள் சிரிப்பு. சார், பார்க்க வேண்டியவை எல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். அருவிப் பக்கமே போகாமல் பஸ் ஏறிவிட்டேன். என் நம்பரைத் துரையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆபீஸ் நம்பரையும்.

25 ஜூலை

முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி, பரமக்குடி. பட்டியலில் இல்லாத ஊர்கள். "இங்கெல்லாம் டூரிஸ்ட் யாரும் போக மாட்டாங்களே மேடம்" என்றார் சார். உடனே புரிந்துகொண்டு, "கூப்பிடுங்க, கூப்பிடுங்க" என்றார்.

கமுதியில் இருக்கிறதே ஒரே லாட்ஜ். பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார்.

3 ஆகஸ்ட்

இல்லை.

9 ஆகஸ்ட்

இல்லை. அருப்புக்கோட்டை, சாத்தூர், விருதுநகர். இல்லை.

18 ஆகஸ்ட், வெள்ளி

சாத்தூர்ப் பக்கம் ரயில் பாதையில் ஒரு உடல். அங்கே போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்பே அடையாளம் எழுதி அனுப்பியிருந்ததால் கூப்பிட்டார்கள். அடையாளம் ஓரளவு ஒத்துப்போகிறதாம். ஃபோட்டோவை அனுப்பினார்கள். சார்தான் கவரைப் பிரித்தார். நான் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

புருவத்தில் தழும்பு இல்லை. வேறு யாரோ. யார் வீட்டு ஆளோ.

அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். கவருக்குள் கை விடும்போது, அவராகவே இருந்துவிட்டால்தான் என்ன என்று ஒரு நொடி நினைத்தேன். இதோடு முடிந்துவிடுமே, கேட்பதை நிறுத்திவிடலாமே என்று. அந்த ஒரு நொடியை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? இன்னா பொம்பள நான்? இன்னா ஜென்மம்?

1 செப்டம்பர்

இன்று இருபத்திரண்டு லாட்ஜ். ஒரு இடத்திலும் கேட்கவில்லை. வெந்நீர் உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா, நன்றி சார். அவ்வளவுதான்.

14 செப்டம்பர்

ஒன்பது வயசு ஆகியிருக்கும்.

19 செப்டம்பர்

கையேடு முடிந்தது. முந்நூறு பக்கத்துக்கு மேல். கடலோரம், மலை, கோயில், கோட்டை. என்ன சாப்பிடலாம், எங்கே படகில் போகலாம், எந்த மாதம் போனால் நல்லது. அத்தனையும் நான் எழுதியது. படித்துப் பார்த்தால் இந்த மாநிலத்தில் எல்லோரும் குடும்பத்தோடு எங்கேயோ கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள் போலத் தோன்றுகிறது.

சார் சொன்னார்: "புக் முடிஞ்சா என்ன மேடம், ஃபோன் இங்கதான் இருக்கும். நீங்க வந்து கூப்பிட்டுக்குங்க." தலையாட்டினேன். யாரைக் கூப்பிடுவது? எல்லா ஊரும் முடிந்துவிட்டதே.

27 செப்டம்பர், புதன்

நோன்பு ஆரம்பித்து மூன்று நாள். ஆபீஸில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோன். துரை.

"அம்மா, அவிய திரும்ப வந்திருக்காவ."

துரையின் குரல் தாழ்ந்திருந்தது, வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல.

"காலைல வந்து ரூம் கேட்டாவ. எத்தனை பேருன்னு கேட்டேன். ஒரு ஆளுன்னாவ. போன தடவ ரெண்டுன்னு சொன்ன மனுசன் இப்ப ஒண்ணுங்காவளேன்னு எனக்குப் பகீர்னு ஆயிட்டு. ஒத்தை ஆளுக்கு ரூம் கெடையாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். எங்க வீட்டுல உக்கார வச்சிருக்கேன். மிக்ஸி ஓடலைன்னு கழட்டிக் குடுத்திருக்கேன். அது நல்லாத்தான் ஓடும். நீங்க ஒடனே வாங்க."

"விட்டுடாதீங்க அண்ணா."

"நீங்க வார வரைக்கும் வீட்டுல எதாவது ஒண்ணைக் கெடுத்துக்கிட்டே இருக்கேம்மா."

28 செப்டம்பர்

துரை வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். தாடி நரைத்திருக்கிறது. எலும்பும் தோலுமாக இருக்கிறார். முன்னால் ஒரு டேபிள் ஃபேன், பிரித்தது பிரித்தபடி. நிமிர்ந்து பார்த்தார். ஓடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"நோன்பா?" என்றார். ஏழு மாதம் கழித்து அந்த ஒரு வார்த்தை.

"ஆமாங்க."

வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல நினைத்துக்கொண்டு போனேன். "வாங்க, போலாம்" என்றேன். ஃபேனை முழுதாக மாட்டி முடித்த பிறகுதான் எழுந்தார். துரையின் சம்சாரம் ஒரு பையில் பழமும் ரொட்டியும் போட்டுக் கொடுத்தார். துரை அவர் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு விடவே இல்லை.

ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார மாட்டேன் என்றுவிட்டார்.

10 அக்டோபர்

வந்துவிட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வந்திருப்பது யார்? சாப்பிடுங்க என்றால் சாப்பிடுகிறார். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றால் வருகிறார். மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொள்கிறார். ஷபீனா வந்து கட்டிப்பிடித்து அழுதாள், கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர், நாளாகும் என்கிறார்.

குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். பார்த்தார்.

23 அக்டோபர்

நாள் முழுக்க மழை. கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. கால் இரண்டையும் மடக்கி மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரையைத் துடைக்கத் தண்ணீர் கொண்டு வந்தேன், அவருக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

இப்படியே இருந்துவிடுவோமோ? இருவரும்? இந்த வீட்டில், ஒவ்வொரு மழைக்கும்?

25 அக்டோபர்

பெருநாள். தொழுகைக்குப் போகவில்லை. நானும் கூப்பிடவில்லை.

19 நவம்பர், ஞாயிறு

காலையிலிருந்து மழை. அவர் கட்டிலில், கால் மடக்கி. நான் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். யோசித்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது.

"அன்னைக்கு வாசல்ல நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க."

அடுத்த கட்டையும் எடுத்து ஆய்ந்தேன். கேட்கவே இல்லையோ என்று நினைத்தேன்.

"நீ கேட்டதுல தப்பில்ல. நானும் அதையேதான் கேட்டுகினு இருந்தேன். ஊர் ஊரா."

கீரையைக் கீழே வைத்தேன்.

"இடுப்பு வரைக்கும் தண்ணி. கையைப் பிடிச்சுகினுதான் வந்தோம். பயமே இல்ல அவளுக்கு, பேசிகினே வந்தா. அத்தா, செருப்பு போச்சுன்னா. போவட்டும் வா, வேற வாங்கலாம்னேன். புதுசுன்னுட்டு குனிஞ்சா. அவ்ளோதான் மெஹர். வுட்டது நானா, அவளான்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. "எனக்கும் தெரியாதுங்க" என்றேன். உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். யாரோ சொல்வது போல இருக்கும் என்று தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் செருப்பு இன்னா கலரு?" என்றார். "எல்லாம் ஞாபகம் கீது. அது மட்டும் வரல."

"ரோஸ்."

"ரோஸ்" என்றார் அவரும்.

அப்போதுதான் அழுதார். நான் எழுந்து நின்றேன், என்ன செய்வது என்று தெரியாமல். கை முழுக்கக் கீரை மண். அவர் கொஞ்சம் நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டார்.