மூன்றாம் முறை கேட்கும் வரை

செப்டம்பர் 20, செவ்வாய்

இந்தப் பருவத்தின் முதல் உறைபனி. தக்காளிச் செடிகளை மூட மறந்துவிட்டேன். லைல் கருகிய செடிகளைப் பார்த்து "ம்" என்றான். இருபது வருடக் குடித்தனத்தில் அந்த "ம்"முக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று எனக்குத் தெரியும்.

பள்ளியில் தலைமையாசிரியர் டுவேன் என்னை அழைத்துக் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தினால் நல்ல சேதி இருக்காது. போன வருடம் ஊர் வாக்கெடுப்பில் பள்ளிக்கான கூடுதல் வரி தோற்றுப்போனதன் பலன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

"ஏரி வகுப்பு ஜனவரியோட நின்னுடும் கிரெட்சன். வெளியில இருந்து யாராவது பணம் குடுத்தா காப்பாத்தலாம். டிசம்பர் கூட்டம் வரைக்கும் பள்ளிக் குழுவை நான் இழுத்துப் பிடிக்கிறேன்."

"பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். எது பரவாயில்லை?

செப்டம்பர் 28

இதை எனக்காகவே எழுதி வைக்கிறேன், நிதி கேட்கும் விண்ணப்பத்தில் எழுத வரவில்லை என்பதால். ஏப்ரலில் ஏரியின் பனி உருகியபோது கரை முழுக்க மீன்கள் வெள்ளை வயிற்றோடு மிதந்தன. வாடை பள்ளி வரை வந்தது. பிரென்னா கேட்டாள்: "பனிக்கு அடியில என்ன நடந்துச்சு மிஸஸ் ஆசென்?" தெரியாது என்றேன். இத்தனை வருடத்தில் வகுப்பில் நான் சொன்ன மிகச் சரியான பதில் அதுதான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த வருடம் பதினான்கு பேர், நேரில் போய் ஏரியை ஆராயும் என் ஏரி வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள்.

இதுவரை பதினோரு அறக்கட்டளைகளைப் பார்த்துவிட்டேன். ஒன்று பெருநகரங்களுக்கு மட்டும், எங்களைப் போன்ற மின்னசோட்டாச் சிற்றூருக்கு இல்லை. ஒன்று ரோபோ என்றால்தான் தரும். ஒன்றின் பக்கத்தில் "நிதி தீர்ந்தது" என்று போட்டு மூன்று வருடமாகிறது.

அக்டோபர் 3

கிடைத்திருக்கிறது! பிலடெல்பியாவில் ஒரு சிறிய அறக்கட்டளை. அரசுப் பள்ளி அறிவியலுக்கு மட்டும். அவர்கள் படிவத்தில் முதல் கேள்வியே இதுதான்: "இந்தக் கேள்வியை மாணவர்களே கேட்டார்களா?" நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அக்டோபர் 13, வியாழன்

அனுப்பியாயிற்று. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் கருவிகள் நான்கு கேட்டிருக்கிறேன். பனியில் துளை போடும் இயந்திரம் வேண்டாம். பனியைத் துளைத்து மீன் பிடிக்கும் இந்த ஊரில் அது எந்த வீட்டுக் கொட்டகையில்தான் இல்லை?

பஸ் செலவைக் கேட்காமல் விட்டுவிட்டேன். ஏரி ஒன்பது மைல். குளிர்காலம் முழுக்க வாரம் ஒரு நடை, ஓட்டுநர் கூலி, டீசல். எழுதிப் பார்த்தால் கருவிகளை விடப் பஸ்தான் பெரிதாக நின்றது. கேட்கவே கூச்சமாக இருந்தது. "பெற்றோர் உதவுவார்கள்" என்று எழுதினேன். எந்தப் பெற்றோர்? பாதிப்பேர் வான்கோழி இறைச்சி ஆலையில் பகல் வேலை செய்கிறவர்கள்.

நவம்பர் 2, புதன்

மதிய உணவு நேரத்தில் பிலடெல்பியாவிலிருந்து அழைப்பு. பிரிசில்லா ஹேய்ஸ் என்ற பெண்மணி, விண்ணப்பங்களைப் படிப்பவர். வேகமான குரல், ஆனால் அன்பான குரல். மீன் விஷயத்தை இரண்டு முறை படித்தாராம்.

"பஸ்ஸுக்கு நீங்க ஒண்ணும் கேட்கலையே? தேவைன்னா சேர்த்துக்கலாம்."

"ஐயோ, வேண்டாங்க. எப்படியாவது சமாளிச்சுக்குவோம்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. எங்களைவிடக் கஷ்டப்படுற பள்ளிக்கூடம் எவ்வளவோ இருக்கும்."

"சரி, அப்படியே குறிச்சுக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன் — எதற்காக என்று அப்போது தெரியவில்லை.

நவம்பர் 3, வியாழன்

காலையில் ஹேய்ஸிடமிருந்து மின்னஞ்சல். அதிகத் தேவையுள்ள பள்ளிகள் இருப்பதாக நானே சொன்னதால், எங்கள் விண்ணப்பம் இரண்டாவது பட்டியலுக்கு மாற்றப்பட்டிருக்கிறதாம். நாளை குழு கூடுகிறது. மனந்திறந்து பேசியதற்கு நன்றியாம்.

மனந்திறந்து!

ஆசிரியர் அறையில் ரோசானாவிடம் காட்டினேன். கணக்கு டீச்சர், நியூஜெர்சியிலிருந்து வந்து ஆறு வருடமாகிறது, இன்னும் எங்களைப் பார்த்து வியந்துகொண்டிருப்பவள்.

"அந்தம்மா பஸ் வேணுமான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வேண்டாம்னு சொன்னேன். ஆனா அது... அவங்க ரெண்டு தடவைதானே கேட்டாங்க."

ரோசானா தலையில் கை வைத்தாள். "அடிப்பாவி! மூணாவது தடவை கேட்பாங்கன்னு காத்துக்கிட்டிருந்தியா? உங்க மின்னசோட்டா ஜனங்களைத் தவிர உலகத்துல எல்லாருக்கும் வேண்டாம்னா வேண்டாம்தான்!"

டுவேன் காபி ஊற்றிக்கொண்டே, "அவங்க இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்" என்றார், எனக்குப் பரிந்து. ரோசானா மேசையிலிருந்த கேக் தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். செவ்வாய்க்கிழமை வந்த பூசணிக்காய்க் கேக். கடைசித் துண்டை எடுக்க யாருக்கும் மனம் வராது. ஆளுக்குப் பாதி, பாதியில் பாதி என்று வெட்டி வெட்டி, இப்போது தபால்தலை அளவு ஒன்று மூலையில் காய்ந்து கிடந்தது.

"இதப் பாருங்க. நீங்க ரெண்டு பேரும் இதுதான்" என்றாள்.

சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பத்தொன்பது வயதில் ஏரி ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கோடை வேலைக்கு வரச் சொல்லிப் பேராசிரியர் கேட்டார். என்னைவிடத் தகுதியானவர்கள் இருப்பார்கள் என்றேன். அவரும் அப்படி ஒருவரைத் தேடிக்கொண்டார். இருபத்தைந்து வருடமாக அதை அடக்கம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடக்கம்தானா? "வேண்டாம்" என்று சொல்கிறவளை யாரும் மறுக்க முடியாது. அந்தச் சௌகரியம்தான் வேண்டியிருந்ததோ எனக்கு? அன்றைக்கு நஷ்டம் எனக்கு மட்டும். இந்தத் தடவை பதினான்கு பிள்ளைகளுக்கு.

நவம்பர் 4, வெள்ளி

முதல் பீரியட் எனக்கு வகுப்பில்லை. அறிவியல் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். லைல் காலையில், "நான் வேணா பேசட்டா?" என்றான். ஓட்டலில் ஆர்டர் தப்பாக வந்தால் அதையே சாப்பிட்டுவிட்டு "நல்லாருந்துச்சு" என்று சொல்லிவரும் மனுஷன்!

மூன்று முறை ஹேய்ஸின் எண்ணை அழுத்தி நிறுத்தினேன். நான்காவது முறை அவரே எடுத்தார்.

"முந்தாநாள் நான் வேண்டாம்னு சொன்னது உண்மை இல்லீங்க. பஸ் இல்லாம எங்க பிள்ளைங்க ஏரிக்குப் போகவே முடியாது. கருவி அலமாரியிலதான் இருக்கும்."

"அப்புறம் ஏன் வேண்டாம்னு சொன்னீங்க?"

"எங்க ஊர்ல மூணு தடவை கேட்கணும். முதல் ரெண்டுக்கும் வேண்டாம்னுதான் சொல்வோம். அதுதான் மரியாதை."

ஒரு பெரிய சிரிப்பு. "நான் ரெண்டோட நிறுத்திட்டேனா! அட கடவுளே. எத்தனை பள்ளிக்கூடத்தை இப்படி விட்டேனோ தெரியலையே." குரல் மாறியது. "சரி, வேற என்னத்த மறைச்சு வச்சிருக்கீங்க?"

எனக்கு நேர் எதிரே முப்பரிமாண அச்சு இயந்திரம் துணி போர்த்திக்கொண்டு நின்றது. நான்கு வருடத்துக்கு முன் வேறொருவர் கொடுத்தது. அதற்கான பிளாஸ்டிக் இழை வாங்கப் பணம் கேட்கக் கூச்சப்பட்டதால் ஒரே பருவத்தில் ஓய்ந்துபோனது. அதையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ? ஆனால் சொன்னேன். ஐந்து பிள்ளைகளிடம் பனியில் நிற்கத் தோதான பூட்ஸ் இல்லை என்பதையும் சொன்னேன்.

"எழுதிக்கிட்டேன். இன்னும்?"

"இவ்வளவுதாங்க."

"நிஜமாவே இவ்வளவுதானா?"

"ஆமாங்க."

"மூணாவது தடவையா கேட்கிறேன் மிஸஸ் ஆசென்."

சிரித்துவிட்டேன். கண்ணும் நிறைந்துவிட்டது. "நாலு கருவி வேண்டாங்க. மூணு போதும். ஆனா பஸ் வேணும்."

மதியம் இரண்டு மணிக்குக் குழு. சொல்லிப் பார்க்கிறேன் என்றார். வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. கேட்பது இவ்வளவு சின்ன வேலையா! இவ்வளவு பெரிய வேலையா!

நவம்பர் 15

பதில் இல்லை. ஏரியின் ஓரம் உறையத் தொடங்கிவிட்டது.

நவம்பர் 22, செவ்வாய்

வந்துவிட்டது. மூன்று கருவி, ஐந்து ஜோடி பூட்ஸ், பஸ். பஸ்!

டிசம்பர் 12, திங்கள்

பள்ளிக் குழுக் கூட்டம். நன்கொடையை ஏற்கவும் ஓட்டெடுப்பு வேண்டும். ஒருவர், "நாம கை நீட்டி வாங்கற மாதிரி இருக்கே" என்று இழுத்தார். டுவேன் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"ஆமாங்க, கை நீட்டித்தான் வாங்கினேன். போன் பண்ணி நானே கேட்டேன்."

ஏழு ஓட்டும் ஆதரவாக விழுந்தன. ஏரி வகுப்பு நிற்காது.

பிப்ரவரி 10, வெள்ளி

ஐந்தாவது பயணம். ஏரியில் உறைந்த பனிக்கட்டி இருபத்தாறு அங்குலம். அதன் மேல் இடுப்பு வரை வெண்பனி. பிரென்னாவின் கன்னம் பீட்ரூட் நிறத்தில் சிவந்திருந்தது. கருவியைத் துளைக்குள் இறக்கி ஒவ்வோர் அடி ஆழத்துக்கும் ஆக்சிஜன் அளவைக் கத்திச் சொன்னாள், மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். மேலே ஆறு. நடுவில் மூன்று. அடியில் ஒன்றுகூட இல்லை. ஜனவரியில் அடியிலும் நான்கு இருந்தது.

"மூச்சுத் திணறுது மீனுங்களுக்கு" என்றாள். பின்னாலிருந்து ஒருத்தி: "மேல இருக்கிற இந்த வெண்பனியை ஒதுக்கினா வெளிச்சம் உள்ள போகும்ல? தண்ணிக்குள்ள இருக்கிற செடிங்க ஆக்சிஜன் விடும்ல?" தெரியாது என்றேன். அடுத்த வாரம் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒரு பக்கம் விட்டு, அளந்து பார்ப்பதாக முடிவு. மீனவர் சங்கத்திடம் பனி தள்ளும் வண்டி கேட்க வேண்டும். யார் கேட்பது என்றார்கள். பதினான்கு முகமும் என் பக்கம் திரும்பியது.

திரும்பி வந்தபோது விரல்கள் மரத்திருந்தன. ஆசிரியர் அறையில் எலுமிச்சைக் கேக் தட்டு. ஒரே ஒரு துண்டு, முழுசாக. டுவேன் கத்தியோடு அதன்மேல் குனிந்து, எங்கே வெட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிரெட்சன், உனக்கு வேணுமா?"

"வேணும்" என்றேன். உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன்.