ஒரு வாரம் பேசக் கூடாது

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவருக்கு,

தொண்டை ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் நீங்கள் பேசக் கூடாதாம். எனக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

குறட்டைக்கு நடுவே மூச்சு நின்றபோதெல்லாம் தோளை உலுக்கி எழுப்பியது யார்? ஒன்பது வருடம். "தூங்க விடுடி, சனியனே" என்றீர்கள். டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் உங்கள் அண்ணன் ஒரே ஒரு ராத்திரி நம் வீட்டில் தங்கினார். "டேய், உனக்கு மூச்சு நிக்குதுடா" என்றார். மறுநாளே ஆஸ்பத்திரி.

இன்று காலை டாக்டர், "இதை யார் முதல்ல கவனிச்சது?" என்று கேட்டார். நீங்கள் அண்ணனைக் கைகாட்டினீர்கள். நான் ஃபிளாஸ்கோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

பதில் சொல்ல வாயைத் திறக்காதீர்கள், தையல் பிரிந்துவிடும். ராத்திரி உங்கள் மூச்சை அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும். நான் வீட்டுக்குத் தூங்கப் போகிறேன்.

இப்படிக்கு,
முதலில் கவனித்தவள்