நீங்கள் பாதியில் விட்ட ஆந்தை

ஆசை அப்பாவுக்கு,

ஆந்தை என்ன ஆயிற்று என்றுதானே முதலில் கேட்பீர்கள்? நான் எப்படி இருக்கிறேன், அம்மா சாப்பிட்டாளா என்பதெல்லாம் அப்புறம். உங்களை எனக்குத் தெரியாதா! சொல்கிறேன். ஆனால் என் வழியில்தான் சொல்வேன். இருந்தவரைக்கும் என்னை ஒரு வாக்கியத்தை முழுதாக முடிக்க விட்டதில்லை, இப்போதாவது குறுக்கே வராமல் கேளுங்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நீங்கள் யாரென்று தெரியாது. தெரியட்டுமே. வங்காளத்துக்கு வந்து, கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் பகல் முழுக்கக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் பெரிய அட்டைப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பஸ் ஏறுகிற மனிதர். "தாதா, பெட்டிக்கும் ஒரு டிக்கெட் எடுங்க" என்று கண்டக்டர் அண்ணன் முறை வைத்துக் கேலி செய்வார். நீங்களும் சிரித்துக்கொண்டே வருவீர்கள். அட்டை, சாக்கு, மூங்கில் சிம்பு, பழைய பேப்பர், மைதாப் பசை. லேக் கார்டன்ஸ் வீட்டு பால்கனியில் அம்மாவால் ஒரு நாளாவது நிம்மதியாகத் துணி காயப்போட முடிந்ததா? எனக்கு நினைவில்லை.

முதல் யானை நினைவிருக்கிறதா? நான் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் கைவேலைப் போட்டி. நீங்கள் கண்ணும் காதும் வைத்து, முழு யானையையும் செய்து கொடுத்தீர்கள். தும்பிக்கை மேலே போகும், கீழே வரும். முதல் பரிசு கிடைத்தது. "தும்பிக்கை எப்படி அசைகிறது, சொல்லு பார்ப்போம்" என்று டீச்சர் கேட்டபோது நான் திருதிருவென்று விழித்தேன். பக்கத்திலிருந்த ஜும்மா, "தோர் பாபா பானியேச்சே" என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள். உன் அப்பா செய்தது. அதைவிட அவமானம் உண்டா? வீட்டுக்கு வந்து பரிசுக் கிண்ணத்தை உங்கள் மேலேயே விட்டெறிந்தேன்.

வேறு அப்பாவாக இருந்தால் முதுகில் நாலு வைத்திருப்பார். நீங்கள் கிண்ணத்தை எடுத்துத் துடைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "தப்பு என்னோடதுதான்டா பானு. உனக்குன்னு ஒண்ணுமே மிச்சம் வைக்காம நானே செஞ்சுட்டேன்." அன்றைக்கு ஒரு வழக்கம் ஆரம்பித்தது. எதைச் செய்தாலும் கண்ணை மட்டும் விட்டுவைப்பீர்கள். கண் வைப்பது பிள்ளைகளின் வேலை. "நம்ம ஊர் சிற்பியும் கண்ணைக் கடைசியிலதான் திறப்பார். இந்த ஊர்லயும் துர்க்கைக்குக் கண்ணு கடைசியிலதான். ரெண்டு ஊரும் ஒத்துப்போற விஷயம் இது ஒண்ணாவது இருக்கே!" என்பீர்கள்.

அதனால் எங்கள் பள்ளியில் உங்கள் கையால் பிறந்த மிருகமெல்லாம் மாறுகண்ணோடுதான் திரிந்தன. புலி தன் மூக்கையே பார்க்கும். பிஸ்கட் தாள் ஒட்டிய ஹில்சா மீனுக்கு ஒரு கண் தட்டு அளவு, இன்னொன்று பட்டாணி அளவு. "கண்ணை மட்டும் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்களேன்" என்று தலைமையாசிரியை கெஞ்சினார். "வச்சவங்களைக் கேளுங்க மேடம், எனக்கு அதிகாரம் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். அந்தத் திமிரை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்த ஜும்மாவுக்கு மேடை என்றாலே காய்ச்சல் வரும். என்னை மானம் கெடுத்தவள்தான், ஆனாலும் அவளுக்காக நீங்கள் ஒரு டிராம் வண்டி செய்தீர்கள். சாக்கும் மூங்கிலும் சேர்த்து, உள்ளே பிள்ளைகள் நடந்தால் நகரும் வண்டி. நடுவில் சின்னதாக ஒரு ஜன்னல், அதற்குத் திரை. "திரைக்குப் பின்னால நின்னு பேசு, வேணும்னா மட்டும் விலக்கிப் பாரு" என்று அவளிடம் சொன்னீர்கள். இரண்டாவது காட்சியிலேயே ஜும்மா திரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எல்லாருடைய வசனத்தையும் சேர்த்துப் பேசினாள். அவள் பயத்தை நாங்கள் கிண்டல் செய்துகொண்டிருந்தோம், நீங்கள் மட்டும் அதற்கு ஒரு ஜன்னல் அளவெடுத்தீர்கள். எப்படி அப்பா அது தோன்றியது உங்களுக்கு?

சரி, ஆந்தைக்கு வருகிறேன்.

நியூ டவுனில் என் மகள் மித்ராவின் பள்ளியில் ஆண்டுவிழா. மூன்றாம் வகுப்புக்குக் காட்டு நீதிமன்ற நாடகம், நீதிபதி ஆந்தை. "ஆந்தையை எங்க தாத்தா செய்வார்" என்று இந்த வாலு யாரையும் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தது. நீங்கள் குதித்தீர்கள். அம்மாவும் குதித்தாள், அது வேறு குதி.

"ஆந்தையா? வீட்டுக்குள்ளயா? என்னங்க, உங்களுக்கென்ன புத்தி பிசகிப்போச்சா?"

"இந்த ஊர்ல அது லட்சுமியோட வாகனம்டி."

"இந்த ஊர் லட்சுமி அதுல வரட்டும். நம்ம லட்சுமி தாமரையில நிம்மதியா உக்காந்திருக்கா. அவளுக்கு வண்டி வாகனம் ஒண்ணும் வேணாம்."

கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. விளக்கு வைக்கிற நேரத்தில் ஆந்தை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும். லேக் கார்டன்ஸ் வீட்டில் ஒரு மாதம் தினமும் ஆறு மணிக்கு, கண்ணே இல்லாத ஆந்தையை நீங்கள் பயபக்தியோடு திருப்பி வைத்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அப்புறம் அந்தக் காலை. ஆந்தையின் இடது இறக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். விரலில் பசை ஈரமாக இருந்தது. அதை நான்தான் கழுவினேன்.

காரியம் முடிவதற்குள் கும்பகோணத்துச் சித்தப்பா போனில் ஆரம்பித்தார். "அண்ணன் ஆந்தையை வீட்டுக்குள்ள வச்சிருந்தாராமே? சொன்னா கேட்டாத்தானே!" எனக்கு வந்த கோபத்துக்கு, "ஆந்தைக்கு அலறத்தான் தெரியும் சித்தப்பா, ஆளைக் கொல்லத் தெரியாது" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. மறுநாளே, "அதைத் தூக்கி வெளிய போடு" என்றாள்.

மித்ரா ஆந்தையைக் கட்டிக்கொண்டாள். "கண்ணு வைக்கிறது என்னோட காஜ்! தாத்தா எனக்குன்னு விட்டிருக்கார்!" வேலை என்ற சொல் அவளுக்கு எப்போதும் வங்காளியில்தான் வரும். துக்கம் கேட்க வந்த கீழ்வீட்டு மாஷிமா (இங்கே வயதான பெண்கள் எல்லாருமே மாஷிமாதானே) ஆந்தையைப் பார்த்துவிட்டு, "ஓமா, லொக்கீர் பேஞ்சா!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். லட்சுமியின் ஆந்தை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்களுக்கு லட்சுமி. எங்களுக்கு எமன்" என்று என்னிடம் தமிழில் சொன்னாள்.

நான் சும்மா இருப்பேனா? என் வாய் உங்களுக்குத் தெரியுமே. இரண்டு நாள் சண்டை போட்டேன். அப்பா கடைசியாகச் செய்தது, அதைக் குப்பையில் போட உனக்கு எப்படி மனசு வருகிறது என்றெல்லாம் கேட்டேன். அம்மா சண்டைக்கே வரவில்லை. "உங்கப்பா இப்படிச் சொல்லாம கொள்ளாம போனதுக்கு நான் யாரையாவது கேக்கணுமில்லடி? யாரைக் கேக்கறது?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குப்பை வண்டிக்காரர் விசில் ஊதினார். நான் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அம்மா தானே இழுத்தாள். தன் உயரத்துக்குப் பாதி இருக்கிற ஆந்தையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, மாடிப்படியில் ஒவ்வொன்றாக இறக்கினாள். மித்ரா என் மடியில் விம்மிக்கொண்டிருந்தாள். கீழ் வளைவில், வெயில் விழுகிற இடத்தில் சத்தம் நின்றது.

"பானு! இங்க வா. இது அந்த மாம்பழக் கலர் துணிதானே?"

போய்ப் பார்த்தேன். அம்மா இறக்கையைத் தடவிக்கொண்டிருந்தாள். அத்தனை நாளும் அதைக் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை அவள். ஆந்தையின் ஒவ்வொரு இறகும் ஒரு ரவிக்கைத் துணி, கஞ்சி போட்டு விறைப்பாக்கி இலை மாதிரி வெட்டியது. நவராத்திரிக்கும் நல்லது கெட்டதுக்கும் போன வீடுகளில் மஞ்சள் குங்குமத்தோடு வைத்துக் கொடுத்த துணிகள். ஒன்றையும் தைக்காமல், யாருக்கும் திருப்பிக் கொடுக்கவும் மனம் வராமல், பீரோவின் அடித்தட்டில் கல்யாணமான நாளிலிருந்து அம்மா சேர்த்து வைத்திருந்தாளே, அதே துணிகள்!

"திருட்டு மனுஷன்!" என்றாள் முதலில். அப்புறம் விரல் ஒவ்வொரு இறகாக நகர்ந்தது. "இது பாங்க் மாமி கொலுவில குடுத்தது. இது உன் கல்யாணத்துல சம்பந்தியம்மா வச்சது. இந்தப் பச்சை, நாங்க ரெண்டு பேரும் இந்த ஊருக்கு வந்த முதல் நவராத்திரிக்கு. யாரையுமே தெரியாது எனக்கு. எதிர்வீட்டம்மா கூப்பிட்டு உக்கார வச்சுக் குடுத்தா."

வண்டிக்காரர் கீழேயிருந்து, "மாஷிமா, தேபேன்?" என்று கேட்டார். கொடுக்கிறீர்களா? அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "தாம்பூலத்தோட வாங்கின துணியைக் குப்பையில போடறதா? குடும்பம் விளங்குமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அவரிடம் "நா, நா, ஜாவ்" என்று கையசைத்தாள். ஆந்தை அபசகுனம், ஆனால் அதன் இறகு மங்கலம். நம் வீட்டுச் சட்டப்படி இப்போது அவளால் அதைப் போடவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. மாட்டிக்கொண்டாள்.

நான் சிரிக்கத்தான் வாயெடுத்தேன். அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இனிமே எனக்கு யாருடி வச்சுக் குடுக்கப் போறாங்க?" என்றாள்.

அப்பா, நீங்கள் போனதற்கு நான் அழுத அழுகை வேறு. அன்றைக்குப் படியில் அழுதது வேறு. நீங்கள் இல்லாததால் நாளையிலிருந்து எந்தெந்த வீட்டு வாசலில் அம்மாவைத் தாண்டித் தட்டு அடுத்தவளுக்குப் போகும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அவளுக்கு முதல் நாளே தோன்றியிருக்கிறது. நீங்கள் அந்தத் துணிகளைத் தெரிந்துதான் எடுத்தீர்களா, இல்லை கைக்கு அகப்பட்டதை எடுத்தீர்களா? கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கவா போகிறீர்கள்!

இரண்டு பேருமாக ஆந்தையை மேலே தூக்கி வந்தோம். இடது இறக்கையில் பாதிக்கு இறகு இல்லை. அம்மா பீரோவைத் திறந்து, நீங்கள் விட்டுவைத்திருந்த மிச்சத் துணிகளை எடுத்து வந்தாள். கஞ்சி காய்ச்சினாள். இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டினாள். உங்கள் இறகு ஒரே சீர், அம்மாவின் இறகு வாழைக்காய் பஜ்ஜி அகலம். நான் ஒன்றும் சொல்லவில்லை, உயிர்மேல் ஆசை இருக்கிறதே.

பிறகு மித்ரா கறுப்பு மையோடு வந்தாள். நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உங்கள் வேலையை முடித்தாள். அம்மா தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ஒரு கண்ணு ஹௌராவைப் பாக்குது, இன்னொண்ணு தாம்பரத்தைப் பாக்குது. அசல் உங்க தாத்தா செஞ்ச மாதிரியே இருக்கு" என்றாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

விழாவுக்கு அம்மாவும் வந்தாள். வருஷம் திரும்பாமல் வெளியே வர மாட்டேன் என்று சொன்னவள்தான். வாடகைக் காரில் ஆந்தையை முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டோம். டிரைவர் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். மேடையில் ஆந்தை நரிக்குத் தீர்ப்புச் சொன்னபோது கூடமே அதிர்ந்தது. முடிந்ததும் யார் செய்தது என்று டீச்சர் கேட்டார். "தாத்தா, பாட்டி, நான்" என்றாள் மித்ரா. இப்போது ஆந்தை அவர்கள் பள்ளி நூலக வாசலில் உட்கார்ந்திருக்கிறது. போகிற பிள்ளைகளெல்லாம் இறகைத் தொட்டுவிட்டுப் போகின்றன.

நீங்கள் எல்லாப் பிள்ளைக்கும் ஏதோ ஒன்றை மிச்சம் வைத்தீர்கள் அப்பா. எனக்கும் ஒன்றை வைத்திருக்கிறீர்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வருஷம் திரும்பி நவராத்திரி வரும். லேக் கார்டன்ஸ் வீட்டில் கொலு வைப்போம். மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, நல்லதாக ஒரு ரவிக்கைத் துணி. எல்லாவற்றையும் தட்டில் வைத்து, வந்திருக்கிற அத்தனை பேருக்கும் முன்னால், முதலில் அம்மாவை உட்கார வைத்து அவள் கையில்தான் கொடுப்பேன். சித்தப்பா போன் செய்தால் செய்யட்டும். அம்மா வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்வாள். அப்பாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி மாற்ற முடியாது என்று சொல்லி, அந்தக் கையைப் பிடித்து வைப்பேன்.

அம்மாவை இனிப் பார்த்துக்கொள்ளப்போகும்,
உங்கள் வாயாடி மகள்
பானு