இறைக்க முடியாத தண்ணீர்

இஸ்தான்புல்
10 நவம்பர் 2024

பிரியமுள்ள அம்மாவுக்கு,

நானும் உங்கள் மருமகன் யோர்கோவும் சுகம். மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா, இல்லை தேய்த்ததாக எழில் அண்ணனிடம் பொய் சொல்கிறீர்களா? போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

இங்கே கிரேக்கர்களுக்கு ஜனவரி ஆறாம் தேதி பெரிய திருநாள். பாதிரியார் தண்ணீரை ஆசீர்வதித்து ஒரு மரச்சிலுவையைக் கடலில் வீசுவார். வாலிபர்கள் அந்தக் குளிரிலும் குதித்து நீந்தி எடுப்பார்கள். எடுத்தவருக்கு வருஷம் முழுக்க ஆசீர்வாதம். எதிர்வீட்டு ஆனுஷ் அக்கா அர்மேனியர்; அவர்களுக்கு அன்றுதான் கிறிஸ்துமஸ். கோதுமைப் பாயசத்தோடு அவரும் கரைக்கு வந்துவிடுவார். முன்பெல்லாம் கரை கொள்ளாத கூட்டமாம். இப்போது பிள்ளைகள் ஏதென்ஸ் பக்கம் போய்விட, எங்கள் சர்ச்சில் குதிக்கவே ஆளில்லை. நான் பேர் கொடுத்துவிட்டேன்.

யோர்கோவின் பெரியப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. வெளியிலிருந்து வந்தவள் இறங்கினால் அது புனிதத் தண்ணீரா என்கிறார். பாதிரியார் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஜெபம் பண்ணுங்கள்.

உங்கள் மகள்
கிருபா


கோபிசெட்டிபாளையம்
28 நவம்பர் 2024

கண்ணு கிருபாவுக்கு அம்மா எழுதுவது.

ஜெபம் பண்ண மாட்டேன். நீ குதிக்கவும் கூடாது.

சின்ன வயதில் தோட்டத்துக்காரர் கிணற்றில் நீ இறங்கியது மறந்துவிட்டதா? "யாரக் கேட்டுப் புள்ளைய எறக்குனீங்க?" என்று ஆள் வந்தது. மோட்டார் போட்டுக் கிணற்றையே இறைத்தார்கள். தண்ணீர் ஓடுவதை நம் தெருவே நின்று பார்த்தது. உன் அப்பா கை கட்டி, "தெரியாம செஞ்சுபோட்டாளுங்க" என்றார். சாகும்வரை அந்த வழியில் அவர் நடக்கவில்லை. நானும் இன்றுவரை சர்ச்சுக்குச் சுற்றித்தான் போகிறேன்.

வேண்டாம் என்கிறவர்கள் தண்ணீரில் நாம் ஏன் கால் வைக்க வேண்டும்? பேரை எடுத்துவிடு.

அம்மா
பழனியாத்தாள்


இஸ்தான்புல்
15 டிசம்பர் 2024

அம்மாவுக்கு,

பேரை எடுக்க மாட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள்.

கிணறு மறக்கவில்லை. இறைத்த தண்ணீர் அவர்கள் வாழைக்குத்தானே பாய்ந்தது? அதில் விளைந்த பழத்தைத் தின்னும்போது யாருக்கும் வாய் கூசவில்லையே.

உங்களுக்குத் தெரியாத ஒன்றும் சொல்கிறேன். அடுத்த ஞாயிறே ஆராதனை முடிந்ததும் அப்பா என்னை வாய்க்காலுக்குக் கூட்டிப்போனார். "இது எவனூட்டுச் சொத்தும் இல்ல. நல்லா நீந்து கண்ணு" என்றார். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் போனோம். ஈரப் பாவாடைக்கு நாங்கள் சொன்ன காரணமெல்லாம் பொய்.

பாதிரியார் சம்மதித்துவிட்டார். "இருக்கிறதே நாலு பேர், இதில் யாரைத் தள்ளுவது?" என்று ஆனுஷ் அக்கா பெரியப்பாவை நேரிலேயே கேட்டுவிட்டார். எங்கள் சனம் எங்கள் சனம் என்று சொல்லியே சனம் குறைந்துபோனதை அக்காவும் பார்த்தவர்தானே.

உங்கள் ஆசீர்வாதம் இல்லாவிட்டாலும் குதிப்பேன். இருந்தால் குளிர் கொஞ்சம் குறையும்.

கிருபா


கோபிசெட்டிபாளையம்
12 ஜனவரி 2025

என் கண்ணு கிருபாவுக்கு,

நீ அனுப்பிய வீடியோவை எழில் காட்டினான். ஏதென்ஸிலிருந்து விருந்துக்கு வந்த பையன் சிலுவையை எடுத்துவிட்டான் என்று அவனுக்கு ஆற்றாமை. "கைக்கு எட்டுனத உட்டுப்போட்டாளேம்மா" என்று புலம்புகிறான். நான் சிலுவையைப் பார்க்கவே இல்லை.

நீ கரையேறியதும் எல்லோரும் குனிந்தார்கள். நீ இறங்கிய அதே தண்ணீரை அள்ளி நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். பாயசத்தோடு வந்த அக்கா தன் பேரப்பிள்ளைக்கும் வைத்துவிட்டார். அதைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். உன் அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும். அப்பனும் மகளும் சேர்ந்து என்னை ஏமாற்றியதற்கு அவரை மேலே போய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று தோட்டத்து வழியாகவே சர்ச்சுக்குப் போனேன். கிணற்று மேட்டில் ஒருத்தர், "என்னுங்க, இந்தப் பக்கம்?" என்றார். "வழிதானுங்க" என்று சொல்லி நடந்தேன்.

கல்யாண போட்டோவில் பார்த்த மருமகனின் பெரியப்பா கடைசியில் நின்றார். அவர் மட்டும் குனியவில்லை. கோட்டுப் பையிலிருந்து கையையே எடுக்கவில்லை. நிற்கட்டும். அடுத்த வருஷமும் பேர் கொடு. அவருக்காகக் கடலை இறைக்கவா முடியும்?

ஆசீர்வாதத்தோடு
அம்மா