வால்பாறையிலிருந்து எடுத்து வந்த இலை

2024 ஜூன் 14, வால்பாறை

காலையில் நல்ல மழை. தவளைகளைக் கணக்கெடுக்கப் போன வழியில், ரோட்டோரப் புதரில் மூன்று இலைகளில் புதர்த்தவளை முட்டைகள். இந்த இனத்துக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈரம் காயாமல் இருந்தால் முட்டைக்குள்ளேயே தவளையாகி வெளியே வரும். ரோட்டை அகலப்படுத்தப் புதரை வெட்டப் போகிறார்களாம். எங்கள் குழுத் தலைவர் சந்திரமோகன் சாரிடம் சொன்னேன். "நான் பேசிப் பாக்குறேன். நீ எதையும் எடுக்காத, பாரதி."

ஜூன் 15

எடுத்துவிட்டேன். ஒரே ஓர் இலை. அக்காவின் வளைகாப்புக்கு ஊருக்குப் போகிற பஸ்ஸில், மடியில் டிபன் டப்பா, உள்ளே ஈரப் பாசிமேல் இலை.

ஜூன் 16, மாரண்டஹள்ளி

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னா கண்ணு இது, ஜவ்வரிசியா?"

"ஆபீஸ் வேலம்மா. தொடாத."

அனுமதி இல்லாமல் எடுத்ததை யாரிடம் சொல்வது?

ஜூன் 20

நேற்று பாலக்கோட்டில் வளைகாப்பு. அம்மா மத்தியானமே திரும்பிவிட்டாள். நான் அக்காவோடு தங்கிவிட்டேன். வளையல், போட்டோ, சிரிப்பு. டப்பா ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. ஒரு தடவைகூட. இன்று வந்து பார்த்தால், சீட்டுக் கூரையின் சூட்டில் பாசி காய்ந்து, முட்டைகள் சுருங்கி வெளுத்துக் கிடக்கின்றன.

"சொல்லியிருந்தா தண்ணி தெளிச்சிருப்பேனே. நீதான தொடாதன்ன?"

மிச்சம் இருந்தவற்றின் மேல் தண்ணீர் தெளித்தேன்.

ஜூன் 27

ஒன்றே ஒன்று பிழைத்து வெளியே வந்திருக்கிறது. அரிசி மணி அளவு. பார்க்கவே கூசுகிறது.

ஜூலை 2, வால்பாறை

புதர் அப்படியே இருக்கிறது. சார் பேசியதில், ரோட்டின் மறுபக்கம் வேலை நடக்கிறது. நான் விட்டுவிட்டு வந்த இரண்டு இலைகளிலும் எல்லாம் பொரித்துப் போய்விட்டனவாம்.

நான் எடுத்ததுதான் செத்தது.

டப்பாவில் கொண்டுவந்த குட்டித் தவளையைக் காட்டி, எல்லாவற்றையும் சாரிடம் சொல்லிவிட்டேன். "இத இங்க விட முடியாது. எந்த ஊர்க் கிருமி ஒட்டிருக்கோ, காட்டுல இருக்கறதும் போயிரும். மேல எழுதறேன். அவங்க சொல்ற வரைக்கும் நீயே வச்சுக் காப்பாத்து." அப்புறம், "நாளைலருந்து சர்வேக்கு வர வேணாம்மா."

ஆகஸ்ட் 11, மாரண்டஹள்ளி

சந்தையில் ஒதுக்கிய அழுகல் தக்காளி வாங்கி வந்தேன். அதில் மொய்க்கிற குட்டி ஈக்கள்தான் தவளைக்குத் தீனி.

2025 ஜூன் 8

இன்னும் மேலிடத்திலிருந்து பதில் இல்லை. சாயங்காலம் மழை. தவளையின் கண்ணாடித் தொட்டியில் அம்மா தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தொட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம். முதல் தடவையாகத் துணை தேடிக் கூப்பிடுகிறது. ஆண்.

அம்மா கையை நிறுத்திக் காது கொடுத்தாள்.

"ஆரக் கண்ணு இது கூப்புடுது?"

"சும்மா கத்துதும்மா" என்றேன். நிற்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.